ஆள் உயர மரப்பன்னத்தை வாங்காதீர்கள்

யட்டவத்தப் பக்கத்து வளவுகளில் நிழல் ஒருபோதும் வீணாவதில்லை. பலாவுக்குக் கீழே கொக்கோ, கொக்கோவுக்கு இடையில் கோப்பி, கிளிரிசிடியாவைப் பற்றி ஏறும் மிளகு, எல்லையோரம் கமுகும் கித்துளும் என்று தட்டுத் தட்டாக அடுக்கி வளர்க்கும் முறை மாத்தளை மாவட்டத்துக்குப் பழக்கமானது. கண்டிய வீட்டுத்தோட்டம் என்று பாடநூல்கள் பெருமையாகச் சொல்வது இதைத்தான். இந்த அடுக்குக்குள் மரப்பன்னம் ஒன்று நிற்குமானால் அதைவிடப் பொருத்தமான அழகு வேறில்லை. சிங்களத்தில் ‘கினிஹொட்ட’ என்றும், தமிழ்நாட்டில் மரப்பெரணி என்றும் சொல்லப்படும் இந்தச் செடி நிழலையும் ஈரத்தையும்தான் கேட்கிறது. இரண்டும் இங்கே உண்டு. ஆகவே மரப்பன்னம் வளர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. வளர்க்கத்தான் வேண்டும். ஆனால் அதை வித்தியிலிருந்து எழுந்த சிறு கன்றாக வாங்கி வளர்க்க வேண்டும். எங்கோ ஓர் ஓடைக்கரையில் நின்றதைத் தோண்டியோ அறுத்தோ கொண்டுவந்து, நட்ட அன்றே முற்றத்தை நிரப்பும் ஆள் உயரத் தண்டாக வாங்கக்கூடாது. வாங்குபவர்கள் இதில் உறுதியாக இருந்தால் விற்பவர்கள் தாமாக மாறுவார்கள்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று புரிய, அந்தத் தண்டை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். தூரத்தில் மரம்போலத் தெரிந்தாலும் அதில் நாம் அறிந்த மரவைரம் கிடையாது. வருடத்துக்கு ஒரு வளையமாகப் பருப்பதும் கிடையாது. நடுவில் மெல்லிய ஒரு தண்டு. அதைச் சுற்றிக் கறுத்த, முரட்டுத் தும்புபோன்ற வேர்கள் மேலிருந்து கீழாக இறங்கிப் பின்னிக்கிடக்கும். அடிமரம் பருத்திருப்பது பெரும்பாலும் அந்த வேர்ப்போர்வையால்தான். மேலே போகப் போக, உதிர்ந்த இலைகளின் தழும்புகள் முட்டை வடிவில் வரிசையாகத் தெரியும். உச்சியில் ஒரே ஒரு குருத்து. பழுப்புச் செதில்கள் மூடிய புதிய இலைகள், சுருட்டி வைத்த பாய்போல இறுகச் சுருண்டு அதற்குள் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றாக எழுந்து விரியும்போது இரண்டு மூன்று மீற்றர் நீளும். தென்னையைத் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை: குருத்துப் போனால் மரம் போயிற்று. அடியை வெட்டிவிட்டுப் பக்கக் கிளை வரும் என்று காத்திருக்க முடியாது. ஓடைக்கரையில் ஒரு தண்டை அறுத்தெடுத்தால் அந்த இடத்தில் அது மீண்டும் துளிர்ப்பதில்லை. அந்த வேர்ப்போர்வையில் ஒட்டி வாழ்ந்த பாசியும் சிறு பன்னங்களும் ஓர்க்கிட்டுகளும் அதோடு போய்விடும்.

அடுத்தது காலக் கணக்கு. உலகத் தோட்டச் சந்தையில் அதிகம் விற்கப்படும் மரப்பன்னம் அவுஸ்திரேலியாவின் டிக்சோனியா அன்டார்ட்டிகா. அதன் தண்டு ஒரு வருடத்தில் ஏறுவது நாலைந்து சென்ரிமீற்றர்தான். ஒன்றரை மீற்றர் உயரத்துக்கு முப்பது வருடங்களுக்குக் குறையாமல் ஆகும். நம் நாட்டுச் சயாத்தியா இனங்கள் நல்ல ஈரத்தில் அதைவிட வேகமாக ஏறக்கூடியவை. என்றாலும் வித்தி முளைத்து, கன்றாகி, தண்டு என்று சொல்லத்தக்க ஒன்று எழும்பவே சில வருடங்கள் போய்விடும். ஆகவே வீதியோரக் கடையிலோ லொறியிலோ ஆள் உயரத் தண்டு ஒன்று விலைக்கு நிற்கும்போது வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி எளிது: இத்தனை வருடம் இதை யார், எந்த நாற்றுமேடையில் வளர்த்தார்கள்? பதில் சொல்ல முடியாவிட்டால், அதை வளர்த்தது காடுதான். வெட்டுக்கூலிக்கும் லொறிக் கூலிக்கும் பணம் போயிருக்கும். பத்து இருபது வருட வளர்ச்சிக்கு யாரும் ஒரு சதம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இப்படி வாங்கியவை பிழைக்கின்றனவா என்று பார்த்தால் ஆசை இன்னும் அடங்கும். பிரித்தானியாவில் வேரே இல்லாத வெறும் கட்டையாக இறக்குமதியாகும் மரப்பன்னத்தை நிலத்தில் ஊன்றித் தண்ணீர் தெளித்து வந்தால் தளிர்க்கிறது. இதைப் படத்தில் பார்ப்பவர்கள் நம் நாட்டிலும் அப்படியே நடக்கும் என்று நினைக்கிறார்கள். அது டிக்சோனியாவுக்கே உரிய தனிக்குணம். சயாத்தியா வகைகளுக்கு அந்தத் தாங்கும் சக்தி பெரும்பாலும் இல்லை. அடியில் அறுத்த தண்டு, தன்னுள் இருக்கும் ஈரத்தில் சில வாரம் பச்சையாக நிற்கும், ஓரிரு இலைகூட விரிக்கும், பிறகு குருத்துச் சுருங்கி அழுகும். இதோடு உயரத்தின் வேறுபாடும் சேர்கிறது. ஹோட்டன் சமவெளியின் ஓடைகளை அழகுபடுத்தி நிற்கும் சயாத்தியா கிரினிட்டா பனியும் முகிலும் படும் உயர்மலைக்குப் பழகியது. ஏறத்தாழ 1,700 மீற்றர் உயரத்திலிருக்கும் ஹக்கலப் பூங்காவில் செழிக்கும் செடி, மாத்தளையின் மார்ச் வெயிலைத் தாங்கும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை. அது பட்டுப்போனதும் வாங்கியவர் இன்னொன்று வாங்கினால், ஒரு முற்றத்துக்காக ஓடைக்கரையில் இரண்டு இடம் வெறுமையாகிறது.

சட்டம் இதைத் தடுக்கவில்லையா என்று கேட்கலாம். ஓரளவு தடுக்கிறது. அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் இலங்கை 1979இல் சேர்ந்தது. சயாத்தியா இனங்கள் முழுவதும் அதன் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஆனால் அந்த உடன்படிக்கை எல்லை தாண்டும் வியாபாரத்தை மட்டும்தான் பார்க்கிறது. றத்தோட்டைப் பக்கத்து ஓடையிலிருந்து கொழும்பு விடுதியின் முற்றத்துக்குப் போகும் தண்டு எந்தத் துறைமுகத்தையும் தாண்டுவதில்லை. நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் செடி பிடுங்குவது குற்றம். ஆனால் தனியார் காணியின் ஓடை, கைவிடப்பட்ட தோட்டத்துப் பள்ளம், வீதியோரச் சரிவு ஆகியவற்றில் நிற்கும் தண்டும் காட்டுக்குள்ளிருந்து வந்த தண்டும் லொறியில் ஏறிய பிறகு ஒன்றுபோலத்தான் இருக்கும். எது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதே சைட்டிஸ் ஒரு விதிவிலக்கு வைத்திருப்பதையும் கவனிக்க வேண்டும். தண்டு, இலை, தும்பு எல்லாம் கட்டுப்பாட்டுக்குள் வரும், வித்திகள் வராது. செடியைக் குலைக்காமல் பெருக்கும் வழி எது என்று அந்த விதிவிலக்கே காட்டுகிறது.

இதற்கு முதலில் வரும் மறுப்பு, மரப்பன்னம் ஒன்றும் அரிதானதல்ல என்பது. றிவஸ்டன் போகும் வீதியில் மலையை வெட்டிய சரிவுகளில் அவை தாமாக எழுந்து நிற்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். அது உண்மைதான். மண் புதிதாக வெட்டுப்பட்டு ஈரமாகக் கிடக்கும் இடத்தில் முளைப்பது இவற்றின் இயல்பு. சில இனங்கள் அப்படித் தாராளமாகப் பரவவும் செய்கின்றன. ஆனால் இலங்கையின் மரப்பன்னங்கள் எல்லாம் ஒரே செடி இல்லை. தென்மேற்குத் தாழ்நில மழைக்காடுகளில் மட்டும் வாழும் சயாத்தியா சினுவாட்டாவைப் பாருங்கள். மற்ற மரப்பன்னங்களின் இலை தூவிபோலப் பலமுறை பிரிந்திருக்க, இதன் இலை பிளவே இல்லாமல் நீண்ட ஒற்றை நாடாவாக இருக்கும். உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத செடி இது. தண்டு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இந்த வேறுபாடுகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அரிதாக இருப்பதே விலையை ஏற்றும் காரணமாகவும் ஆகிவிடலாம். வீதியோரத்தில் நிறைய நிற்கிறது என்ற பேச்சு எல்லா இனத்துக்கும் திறப்பைக் கொடுத்துவிடுகிறது. அந்த வீதியோரச் சரிவிலும் மரப்பன்னம் சும்மா நிற்கவில்லை. அதன் வேர்ப்போர்வைதான் மழையில் அந்த மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. மண்சரிவுக்குப் பேர்போன மாவட்டத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. வீதி அகலப்படுத்தும்போதும், காணி துப்புரவாக்கும்போதும், நீர்த்தேக்கம் கட்டும்போதும் எப்படியும் அழியப்போகும் மரப்பன்னங்களை எடுத்து நடுவது காப்பாற்றுவதாகாதா? ஆகும். டோசர் வரப்போகும் இடத்தில் நிற்பதை வேரோடும் மண்ணோடும் எடுத்து அருகிலேயே நடுவதை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் ‘அழியப்போவதை எடுத்தேன்’ என்ற சொல்லை யார் சரிபார்ப்பது? அவுஸ்திரேலியாவின் டஸ்மேனியா மாநிலம் இதற்கு ஒரு வழி கண்டது. மரம் வெட்டும் பகுதிகளிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு மரப்பன்னத்துக்கும் அங்கே அரசு நிறுவனத்தின் இலக்கமிட்ட பட்டி கட்டப்பட வேண்டும். பட்டி இல்லாத தண்டை விற்க முடியாது. நம் நாட்டிலும் பிரதேச செயலகமும் வனப் பாதுகாப்புத் திணைக்களமும் சேர்ந்து இப்படியொரு பட்டியைக் கொடுக்க முடியும்; பெரிய செலவு ஒன்றும் இல்லை. அது வரும்வரை, பட்டி இல்லாத தண்டு எல்லாம் சந்தேகத்துக்குரியது என்றே வாங்குபவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக ஒரு குறுக்குவழி சொல்லப்படுகிறது: நாட்டு இனத்தை விடுங்கள், வேகமாக வளரும் வெளிநாட்டு மரப்பன்னத்தை நடலாமே என்று. அவுஸ்திரேலியாவின் சயாத்தியா கூப்பரி அப்படிப்பட்டது. நாற்றுமேடையில் எளிதாக வளரும், சில வருடங்களில் முற்றத்தை நிறைக்கும், காட்டைத் தொடவும் வேண்டியதில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹவாய்த் தீவுகளில் நடந்ததைப் பார்த்த பிறகு இதை ஏற்க மனம் வரவில்லை. அங்கே வீட்டுத்தோட்டங்களுக்காகக் கொண்டுவந்த இதே செடியின் வித்திகள் காற்றில் போய், நட்ட இடத்திலிருந்து 12 கிலோமீற்றருக்கும் அப்பால் மழைக்காட்டுக்குள் முளைத்தன. மெதுவாக வளரும் அந்த மண்ணின் சொந்த மரப்பன்னங்களுக்கு இது போட்டியாகிவிட்டது. இப்போது ஆட்களை வைத்து வெட்டி அழிக்கிறார்கள். பன்ன வித்திக்குப் பறவையும் வேண்டாம், மிருகமும் வேண்டாம், காற்று போதும். மாத்தளையின் கிழக்கு வானத்தை மறைத்து நிற்பது நக்கிள்ஸ். அழகுக்காக வந்த செடி என்ன செய்யும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம்கூட நமக்குத் தேவையில்லை. 1826இல் பேராதனைப் பூங்காவுக்குப் பூவுக்காகக் கொண்டுவரப்பட்ட நாயுண்ணிச் செடி இன்று உலர்வலயம் முழுவதும் பற்றை பற்றையாகக் கிடக்கிறது. இலையின் ஊதா நிறத்துக்காக வந்த மிக்கோனியா மலைநாட்டுக் காட்டோரங்களை நிரப்புகிறது. இந்த மாவட்டத்தில் நடுவதற்கு நாட்டு இனம்தான் வேண்டும். கறுத்த இலைக்காம்புடைய சயாத்தியா ஜைஜான்டியா நடு உயரங்களின் ஓடைக்கரைகளுக்கு உரியது. யட்டவத்த உயரத்துக்கு அதுவே ஏற்றது.

ஒரு செடியின் மேலுள்ள ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பழைய சாட்சிகள் உண்டு. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் பன்னப் பைத்தியம் ஒரு நோய்போலப் பரவியது. அதற்கென்று தனிப்பெயர் சூட்டி 1855இல் எழுதியவர் எழுத்தாளர் சார்ள்ஸ் கிங்ஸ்லி. அந்த ஆசையில் கூடை கூடையாகப் பிடுங்கப்பட்ட கில்லார்னிப் பன்னம் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் அரிதாகிப்போனது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் அது முழுதாக மீளவில்லை. பிரேசிலில் ‘ஷஷிம்’ எனப்படும் மரப்பன்னத்தின் தண்டைக் குடைந்து பூச்சட்டி செய்தார்கள், தும்பைத் தூளாக்கி ஓர்க்கிட்டுக்குப் போட்டார்கள். ஒரு சட்டிக்காக ஒரு மரம். காட்டில் அது அருகிப்போய், 2001இல் வெட்டுவதற்குத் தடை வந்தது. தடைக்குப் பிறகு அங்கே அதன் இடத்தைப் பிடித்தது எது தெரியுமா? தேங்காய்த் தும்பு. பொச்சும் தும்பும் தும்புத்தூளும் கப்பல் கப்பலாக ஏற்றுமதியாகும் நம் நாட்டில், ஓர்க்கிட் ஒட்டுவதற்கு மரப்பன்னத் துண்டு தேடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

சரி, கன்றிலிருந்து வளர்ப்பது நடக்கக்கூடிய காரியமா? நடக்கும், பொறுமை மட்டும் வேண்டும். முதிர்ந்த இலையைத் திருப்பிப் பார்த்தால் நடுநரம்புகளின் இருபுறமும் கடுகு அளவில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அவை பழுத்துக் கறுக்கும் சமயம் ஒரு துண்டு இலையை வெள்ளைக் கடதாசியில் வைத்து மூடினால், ஓரிரு நாளில் கோப்பித்தூள்போல மெல்லிய பொடி உதிர்ந்துகிடக்கும். அதுதான் வித்தி. கொதிநீர் ஊற்றி ஆறவைத்த தும்புத்தூளை ஒரு தட்டில் பரப்பி, மேலே பொடியை லேசாகத் தூவி, கண்ணாடியாலோ பொலித்தீனாலோ மூடி, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வைக்க வேண்டும். மண்ணால் மூடக்கூடாது. சில வாரங்களில் தட்டின் மேல் பச்சைப் படலம் ஒன்று படரும். பாசி பிடித்துவிட்டது என்று நினைத்து அதைக் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. உற்றுப் பார்த்தால் அந்தப் படலம் சிறு நகத்தைவிடச் சிறிய இதய வடிவத் தகடுகளாகத் தெரியும். ஆண் அணு பெண் அணுவிடம் நீந்திப் போவதற்கு அந்தத் தகட்டின் அடியில் ஒரு படலம் தண்ணீராவது இருக்க வேண்டும். ஆகவே ஆறிய கொதிநீரைப் பனிபோல அடிக்கடி விசிற வேண்டும். பிறகுதான் தகட்டின் பிளவிலிருந்து முதல் இலை எழும். அதைப் பிரித்துச் சிறு சட்டிகளுக்கு மாற்றி, நிலத்தில் நடும் அளவுக்குக் கொண்டுவர இரண்டு மூன்று வருடங்கள் ஆகும். வளவு வைத்திருப்பவர் இதையெல்லாம் தானே செய்யத் தேவையில்லை, நாற்றுமேடை செய்து தரலாம். ஆனால் இந்த வேலை தெரிந்தவருக்கு ஒரு கன்றின் விலை ஏன் அதிகம் என்று புரியும்.

நடுவதற்கு யட்டவத்தவில் இடம் தேர்வதுதான் பாதி வேலை. மாத்தளைப் பக்கம் பெரும்பாலும் இடைவலயம், அதாவது வருடத்துக்கு 1,750 முதல் 2,500 மில்லிமீற்றர் வரை மழை பெறும் வலயம். மொத்தக் கணக்கில் குறைவில்லை. ஆனால் ஒக்டோபர் முதல் கொட்டித் தீர்த்துவிட்டு பெப்ரவரி, மார்ச்சில் வானம் வறண்டுவிடும். மரப்பன்னத்தைக் கொல்வது அந்த இரண்டு மாதங்கள்தான். ஆகவே ஊற்று நீர் கசியும் பள்ளமோ ஓடைக்கரையோ இருந்தால் அங்கேயே நடலாம். இல்லாவிட்டால் கிணற்றிலிருந்து குடம் எட்டும் தூரத்தில் நட வேண்டும். நிழலுக்குக் கிளிரிசிடியாவை நம்பக்கூடாது. மிளகுக்கு வெளிச்சம் விடவும் பசளைக்கும் அதைக் கவ்வாத்துச் செய்யும் நாளில் இளம் மரப்பன்னம் திடீரென்று வெயிலில் நிற்கும். ஒரே வாரத்தில் இலை நுனி கருகிவிடும். பலாவும் கராம்பும் வருடம் முழுவதும் நிழல் தருபவை. அவற்றின் கிழக்குப் பக்கத்தில் நட்டால் காலை வெளிச்சம் கிடைக்கும், மாலை வெயில் படாது. மண்ணில் இலைமக்கு தாராளமாக வேண்டும். தண்ணீர் தேங்கவும் கூடாது. தண்ணீர் ஊற்றும்போது அடியில் மட்டும் ஊற்றிவிட்டுப் போவது பலர் செய்யும் தவறு. தண்டின் மேல் போர்வையாக இருப்பதே வேர்தான் என்பதால் தண்டு முழுவதும் நனைய வேண்டும். காய்ந்து தொங்கும் பழைய இலைகளை அழகுக்காக வெட்டி மழிக்காமல் விட்டால் அவையே தண்டை வெயிலிலிருந்து காக்கும். இரசாயன உரத்தைக் குருத்தின் மேல் போடவே கூடாது. இலைக்காம்பின் செதில்கள் தோலில் பட்டால் அரிக்கும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் செய்ய முடியாத வளவுகள் இருக்கின்றன. மார்ச்சில் குடிதண்ணீருக்கே பவுசரை எதிர்பார்க்கும் வீட்டில், ஓர் அழகுச் செடிக்குத் தினமும் நாலு குடம் ஊற்றச் சொல்வது அநியாயம். அங்கே மரப்பன்னம் வேண்டாம். வெட்டவெளியான விடுதிப் புல்தரைக்கும் அது வேண்டாம்; அங்கே நட்டது முக்கால்வாசி இலை கருகி நிற்பதில் அழகும் இல்லை. மலையடிவாரத்தில் ஈரம் மாறாத பள்ளம் வைத்திருப்பவருக்கு இது கிடைத்த வரம். மற்றவர்களுக்குப் பறவைக்கூட்டுப் பன்னம்போல இதைவிடச் சிறிய, தாங்கும் சக்தியுள்ள எத்தனையோ பன்னங்கள் இருக்கின்றன.

தண்டு விற்றுப் பிழைக்கும் ஏழை கிராமத்தவரின் வயிற்றில் அடிக்கலாமா என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. ஒரு நாள் கூலிக்காக ஓடைக்குள் இறங்கி அறுக்கிறவர் இந்தச் சங்கிலியில் மிகக் குறைவாகப் பெறுகிறவர். பெரும் பங்கு இடைத்தரகருக்குப் போகும். அறுத்த தண்டு ஒருமுறைதான் விலைபோகும். ஆனால் நிற்கும் ஒரு மரப்பன்னத்தின் ஓர் இலையில் இலட்சக்கணக்கான வித்திகள் இருக்கின்றன. அந்த மரம் வருடாவருடம் புதிய இலைகளை விரிக்கிறது. மிளகும் கோப்பியும் கராம்பும் நாற்றாக வளர்க்கும் கைப்பழக்கம் யட்டவத்தக் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ஏற்கனவே உண்டு. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது. பன்ன இல்லம் வைத்து நூறு வருடத்துக்கு மேலாக இந்தச் செடியோடு பழகிய பேராதனைப் பூங்கா இரண்டு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கிறது. அதன் உயரமும் ஏறத்தாழ 460 மீற்றர்தான் என்பதால் அங்கே தழைத்தது இங்கேயும் தழைக்கும். அந்தப் பூங்காவின் தாய்மரங்களிலிருந்து வித்தி எடுத்து, இனப்பெயரும் விதைத்த வருடமும் எழுதிய சின்னப் பலகையோடு கன்றுகளைக் கிராமத்து நாற்றுமேடைகளுக்கு வழங்கும் திட்டம் ஒன்றைத் தேசிய தாவரவியல் பூங்காக்கள் திணைக்களம் தொடங்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் ஒன்றும் தேவையில்லை. கன்றின் விலையைத் தண்டின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாடிக்கையாளர், சட்டியின் ஓரத்தில் அந்தச் சின்னப் பலகை இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும். இவ்வருட ஒக்டோபர் மழைக்கு நட நினைப்பவர்கள் ஒரு சாண் உயரக் கன்றையே தேடட்டும்.